வெறுங்கால் பிள்ளைகளும் ராக்ஃபெல்லர் பணமும்

நோய் தடுத்த கதை – 11

சென்ற இதழில் போர்ட்டோ ரிக்கோ தீவில் நின்றோம். 1899 புயலுக்குப் பிறகு வெளுத்துச் சுருண்டு கிடந்த மலைநாட்டுக் கூலிகளின் மலத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார் ராணுவ டாக்டர் பெய்லி ஆஷ்ஃபோர்டு. சாப்பாடு போதாமல் வந்த சோகை என்று எல்லோரும் எழுதி வைத்திருந்த நோய்க்குக் கொக்கிப்புழுதான் காரணம் என்று கண்டார். சின்னத் தீவு, ஒரே நிர்வாகம். கூடாரம் அடித்து மருந்து கொடுக்க முடிந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கதை அத்தனை சுலபமாக நடக்கவில்லை.

1908 நவம்பர். நாட்டுப்புற வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லி அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் ஒரு கமிஷன் போட்டிருந்தார். கமிஷன்காரர்கள் ரயிலில் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் ஒரு ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் ஓர் ஆள் கோணிக்கொண்டு நிற்கிறான். முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை. அயோவாவிலிருந்து வந்த ஹென்றி வாலஸ், யார் இது, என்ன பிறவி என்று கேட்டார். இந்தப் பக்கத்து ஏழை வெள்ளைக்காரர்கள் இப்படித்தான் என்று பதில் வந்தது. கூட வந்த விலங்கியலாளர் சார்லஸ் வார்டெல் ஸ்டைல்ஸ் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஆளின் வயிற்றில் கொக்கிப்புழு இருக்கிறது, அரை டாலர் மருந்து கொடுத்தால் சில வாரங்களில் ஆள் தேறிவிடுவான் என்றார். வட கரோலினாவில் பிறந்தவரும் பத்திரிகை ஆசிரியருமான வால்டர் ஹைன்ஸ் பேஜின் காதில் இது விழுந்தது. தன் ஊர் மக்களைச் சோம்பேறிகள் என்று உலகம் கேலி பேசுவதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் அவர். அரை டாலர் என்ற கணக்கு அவரை உலுக்கிவிட்டது.

இந்த ரயில் கதையை எழுதி வைத்தவர் ஸ்டைல்ஸ்தான். நாமே கதாநாயகனாக வரும் கதையை நாமே எழுதும்போது கொஞ்சம் மெருகு ஏறத்தான் செய்யும். ஆனால் இதற்குப் பிறகு நடந்தது ஆவணங்களில் இருக்கிறது. பேஜ் ஸ்டைல்ஸைக் கொண்டுபோய் ராக்ஃபெல்லரின் ஆட்களிடம் அறிமுகம் செய்தார். 1909 அக்டோபரில் ஜான் டி. ராக்ஃபெல்லர் 10 லட்சம் டாலர் ஒதுக்கினார். கொக்கிப்புழு நோயை ஒழிப்பதற்கான ராக்ஃபெல்லர் சுகாதாரக் கமிஷன் பிறந்தது.

ஸ்டைல்ஸ் அதற்கு முன் ஆறேழு வருஷமாகத் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தவர். ஜெர்மனியில் ஒட்டுண்ணிகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, கால்நடைகளின் புழுக்களை ஆராயும் அரசு வேலையில் சேர்ந்தார். ஐரோப்பாவில் அறியப்பட்ட கொக்கிப்புழுவுக்குச் சற்று வேறான ஒரு வகை அமெரிக்காவில் இருப்பதை 1902-ல் கண்டார், பிறகு அதற்கு நெகேட்டர் அமெரிக்கானஸ் என்று பெயர் வைத்தார். அமெரிக்கக் கொலைகாரன் என்று அர்த்தம். அந்த வருஷக் கடைசியில் வாஷிங்டன் மாநாடு ஒன்றில் அவர் இதைச் சொல்ல, ஒரு நியூயார்க் பத்திரிகை ‘சோம்பல் கிருமி’ அகப்பட்டுவிட்டதாக எழுதியது. நாடே சிரித்தது. பெயரில்தான் அமெரிக்கா. இந்தப் புழு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களில் வந்திருக்க வேண்டும் என்பதே ஆராய்ச்சியாளர்களின் கருத்து. சங்கிலி போட்டு இழுத்து வந்தவனை விட்டுவிட்டு, இழுத்து வரப்பட்டவன் மேல் பழியைப் போட்டு எழுதியவர்களும் உண்டு. ஸ்டைல்ஸும் அதில் சேர்த்தி என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

புழுவின் பிழைப்பை ஒரு தடவை பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் புரியும்.

ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம். சிறுகுடலின் சுவரைக் கடித்துத் தொங்கிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். ஒரு புழு குடிப்பது சொட்டுக் கணக்கில்கூட வராது. நூற்றுக்கணக்கில் சேரும்போதுதான் ஆளை உருக்கும். முட்டைகள் மலத்தோடு வெளியே வரும். வெளிக்குப் போன இடம் ஈரமாகவும் நிழலாகவும் மணற்பாங்காகவும் இருந்தால் முட்டை பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழுக்கள் மண்ணில் காத்திருக்கும். வெறுங்காலில் யாராவது மிதித்தால் தோலைத் துளைத்து உள்ளே போகும். தோல் வழியாகப் போகிறது என்பதைக் கண்டவர் கெய்ரோவில் இருந்த ஆர்தர் லூஸ். குஞ்சுப் புழு கலந்த நீர் தற்செயலாக அவர் கையில் சிந்தியது. அந்த இடம் அரித்துச் சிவந்தது. சில வாரம் கழித்துத் தன் மலத்தையே சோதித்தார். முட்டை இருந்தது. தோலில் நுழைந்த புழு ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வருகிறது என்ற முழுப் பாதையும் பிறகு தெளிவாயிற்று.

தென் மாநிலங்களில் கால் அரிப்பைப் பனி பட்டு வந்த விஷம் என்றார்கள். வசந்தம் பிறந்ததும் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடும் பிள்ளைகளுக்கு விரலிடுக்கில் அரிப்பு வருவது வருஷா வருஷம் நடப்பது. யாரும் பொருட்படுத்தவில்லை. சில மாதத்தில் வயிறு ஊதும், தோள்பட்டை எலும்பு இறக்கை மாதிரி புடைக்கும், கண் மங்கும், மண்ணைத் தின்னத் தோன்றும். வகுப்பில் வாத்தியார் கேட்பது காதில் விழாத மாதிரி பிள்ளை உட்கார்ந்திருக்கும். மக்குப் பிள்ளை என்று கடைசி பெஞ்சுக்கு அனுப்புவார்கள்.

கமிஷனை நடத்த ஒரு டாக்டரைத்தான் தேடியிருப்பார்கள் என்று நினைப்போம். வேலைக்கு வைத்தது டென்னஸியைச் சேர்ந்த விக்லிஃப் ரோஸ் என்ற தத்துவப் பேராசிரியரை. பள்ளிகளுக்கு உதவும் பீபாடி கல்வி நிதியை நிர்வகித்த அனுபவம் அவருக்கு இருந்தது. என் பார்வையில் அந்த 10 லட்சத்தைவிட இந்த நியமனம் பெரிது. காரணம், தெற்கத்தி மக்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது ரோஸுக்குத் தெரியும்.

தெரிந்திருக்க வேண்டிய நேரமும்தான். உள்நாட்டுப் போரில் தோற்ற காயம் ஆறாத பகுதி அது. வடக்கேயிருந்து ஒரு கோடீஸ்வரன், அதுவும் எண்ணெய்த் தொழிலை வளைத்துப் போட்டதற்காக அரசாங்கமே வழக்குப் போட்டிருந்த கோடீஸ்வரன், ‘உங்கள் வயிற்றில் புழு’ என்று பணத்தோடு வருகிறான். ஜார்ஜியாவின் மெதடிஸ்ட் பிஷப் வாரன் கேண்ட்லர் தெற்கை இழிவுபடுத்துகிறார்கள் என்று கொதித்தார். ராக்ஃபெல்லர் செருப்பு வியாபாரத்தில் இறங்கப் போகிறார், வெறுங்காலில் நடக்கும் நம்மைப் பயமுறுத்திச் செருப்பு விற்கத்தான் இந்த நாடகம் என்றும் புரளி கிளம்பியது. வதந்தி என்றாலும் அதிலே ஒரு வியாபார மூளை இருக்கிறது, பாருங்கள்.

ரோஸ் செய்தது இது: கமிஷன் தன் பெயரை முன்னால் நீட்டாது. மாநிலச் சுகாதார வாரியம் கூப்பிட்டால்தான் போகும். வேலை செய்கிற டாக்டர் மாநிலத்தின் ஆள், ஊர்க்காரர். சம்பளத்துக்குப் பணம் மட்டும் கமிஷனுடையது. 11 மாநிலங்கள் கூப்பிட்டன. முதல் காரியமாக, நோய் எத்தனை பேருக்கு என்று கணக்கெடுக்கச் சொன்னார். எங்கே எடுப்பது? பிள்ளைகள் ஒரே இடத்தில் கூடியிருக்கும் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில்.

சுகாதார ஆய்வாளர் குதிரை வண்டியிலோ ரயிலிலோ வந்து இறங்குவார். கையில் மைக்ராஸ்கோப், மாய விளக்குப் படங்கள், ஒரு பெட்டி நிறையச் சின்னச் சின்ன டப்பிகள். வகுப்பில் புழுவின் கதையைச் சொல்லி ஆளுக்கொரு டப்பியைக் கொடுத்துவிடுவார். மறுநாள் பிள்ளைகள் அதில் மலம் கொண்டுவர வேண்டும். வீட்டில் என்ன ரகளை நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கொண்டுவந்தார்கள், வாத்தியார் சொல்லிவிட்டார் அல்லவா? அரசாங்கத்தின் பேச்சும் பாதிரியாரின் பேச்சும் ஏறாத வீட்டில்கூட வாத்தியாரின் பேச்சு ஏறியது. ரோஸின் ஆட்கள் டாக்டர்களிடம் பேசிய அளவுக்கு ஆசிரியர் கூட்டங்களிலும் போய்ப் பேசியது இதனால்தான். பிள்ளை மூலமாக அப்பனைப் பிடிக்கிற உபாயம்.

ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்குப் புழு இருந்தது.

கணக்கு கிடைத்துவிட்டது, மருந்து கொடுப்பது எப்படி? முதலில் உள்ளூர் டாக்டர்கள் கொடுப்பார்கள் என்று விட்டுப் பார்த்தார்கள். நகரவில்லை. சோகைக்காரன் டாக்டரிடம் போகவே மாட்டான். அவனுக்கு அது நோய் என்றே தெரியாது. 1910-ன் இறுதியில் மிசிசிப்பியில் வேறு வழி கிடைத்தது. குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட ஊரில் இலவச மருந்து முகாம் என்று நோட்டீஸ் அடித்தார்கள். ஒவ்வொரு கவுண்டியும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தன் பங்குக்குக் கொஞ்சம் பணம் போட வேண்டும் என்பது நிபந்தனை. கூட்டம் அலைமோதியது.

இந்த முகாம்களைப் பற்றிப் படிக்கும்போது நம் ஊர்த் தேர்த் திருவிழாதான் நினைவுக்கு வருகிறது. விடியற்காலையிலேயே வண்டி கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள். கட்டுச்சோறு மாதிரி கூடையில் சாப்பாடு. மரத்தடியில் நீள மேசை. மேசைமேல் கண்ணாடிச் சீசாவில் புழுக்கள். பக்கத்தில் மைக்ராஸ்கோப். வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடி முட்டையைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு நிமிர்கிறவர் முகம் மாறியிருக்கும். பிஷப் சொன்னது, பத்திரிகை எழுதியது எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அடிபட்டுப் போகும். மருந்து சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்கள் இன்னொரு பக்கம். போன மாதம் மருந்து வாங்கிப்போன ஆள் எழுந்து நின்று, தனக்கு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று சாட்சி சொல்வார். நடுநடுவே தேவகீதம். தேவாலயக் கூட்டங்களின் அதே பாணி. பாவத்துக்குப் பதில் புழு.

மருந்தின் பெயர் தைமால். நம் வீட்டு ஓமத்தின் சாரம்தான் அது. குழந்தைக்கு வயிறு உப்பினால் பாட்டி புகட்டுவாளே ஓம வாட்டர், அதன் நெடியே தைமாலின் நெடிதான். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து ஓம விதை மூட்டை மூட்டையாக ஜெர்மனிக்குப் போகும். அங்கே ஆலையில் தைமால் எடுத்து உலகத்துக்கு விற்பார்கள். ஆக, மிசிசிப்பி மரத்தடியில் நீட்டப்பட்ட பொட்டலத்தில் நம் ஊர் வயலின் வாசனையும் இருந்திருக்கலாம்.

ஆனால் பாட்டி கொடுக்கும் அளவு அல்ல அது. முதல் நாள் ராத்திரி பேதியுப்பு குடித்து வயிற்றைக் காலி செய்ய வேண்டும். சாப்பாடு கிடையாது. விடிந்ததும் தைமாலில் பாதி, இரண்டு மணி நேரம் கழித்து மீதி, அதன் பிறகு மறுபடி பேதியுப்பு. அன்றைக்கு வெண்ணெய், எண்ணெய், சாராயம் எதுவும் கூடாது. அவற்றில் தைமால் கரைந்து உடம்பில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தோடு இந்த விதிகளையும் அச்சடித்துக் கொடுத்தார்கள். படிக்கத் தெரியாத வீட்டில்? மறுபடியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான் படித்துச் சொல்ல வேண்டும்.

ஐந்து வருஷத்தில் ஏழு லட்சம் பேர் அளவில் மருந்து வாங்கிப்போனார்கள். வெளுத்த பிள்ளைகளுக்குக் கன்னம் சிவந்தது. தூங்கி வழிந்தவை விளையாடப் போயின. எந்த ஊரில் புழு அதிகமோ அந்த ஊரில் பள்ளிக்கு வருவதும் எழுத்தறிவும் மற்ற ஊர்களைவிட வேகமாக உயர்ந்தன என்று ஹோய்ட் பிளீக்லி என்ற பொருளியலாளர் 2007-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்த இன்னொருவர், அந்த உயர்வு கமிஷன் வருவதற்கு முன்பே தொடங்கியிருந்தது என்று மறுத்தார். நூறு வருஷத்துக்கு முந்தைய வருகைப் பதிவேட்டை வைத்து இன்றும் சண்டை ஓயவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. புழுவின் பிழைப்பை மறுபடி யோசியுங்கள். மருந்து குடலைச் சுத்தம் செய்யும், மண்ணைச் செய்யாது. வயிறு சுத்தமான பிள்ளை அதே புதருக்குப் பின்னால்தான் ஒதுங்குகிறது, அதே மண்ணில்தான் வெறுங்காலோடு ஓடுகிறது. கமிஷனின் ஆட்கள் கிராமத்து வீடுகளை எண்ணிக்கொண்டே போனார்கள். பார்த்த இரண்டரை லட்சம் வீடுகளில் ஏறத்தாழ பாதியில் எந்த விதமான கக்கூஸும் இல்லை. சுகாதாரப் பாடம் நடத்திய பள்ளிக்கூடங்களில் பலவற்றிலும் இல்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பள்ளிகளுக்குக் கட்டடமே ஒழுங்காக இல்லாதபோது கக்கூஸைப் பற்றி என்ன பேச?

இதை முதலிலிருந்தே கத்திக்கொண்டிருந்தவர் ஸ்டைல்ஸ். ஊர் ஊராகப் போய்க் கக்கூஸ், கக்கூஸ் என்றே பேசினார். நாகரிகமான சபைகளில் முகம் சுளித்தார்கள். லம்ஸ்டன், ராபர்ட்ஸ் என்ற இருவரோடு சேர்ந்து மலிவான கக்கூஸ் ஒன்றையும் வடிவமைத்தார்: தண்ணீர் நிரப்பிய பீப்பாய், வழிவதைப் பிடிக்க இன்னொரு பாத்திரம், பூச்சி அண்டாமலிருக்க மேலே எண்ணெய்ப் படலம். மூவர் பெயரின் முதலெழுத்துகளே அதற்குப் பெயர், எல்.ஆர்.எஸ். கக்கூஸ். குடியானவன் தன் கையாலேயே செய்துகொள்ளலாம். செய்தவர்கள் குறைவு. பொட்டலம் இலவசம், ஒரு நாளில் வேலை முடிந்தது. கக்கூஸுக்கு மரம் வேண்டும், உழைப்பு வேண்டும், வாரா வாரம் அப்புறப்படுத்த வேண்டும். குத்தகைக்காரன் எதற்குக் கட்டுவான்? அடுத்த வருஷம் வேறு பண்ணைக்குப் போகிறவன். பண்ணைக்காரன் எதற்குக் கட்டுவான்? அவன் அந்தக் குடிசையில் தூங்குகிறவன் இல்லை.

10 லட்சத்தில் சுமார் 8 லட்சம் டாலர் செலவானது. 1914-ன் இறுதியில் கமிஷனை மூடிவிட்டார்கள். பெயரில் ‘ஒழிப்பு’ இருந்தது, புழு ஒழியவில்லை. பின்னாளில் நடந்த சோதனைகளிலும் தென் மாநிலங்களில் கொக்கிப்புழு இருந்தது, முன்னளவுக்குக் கடுமையாக இல்லை என்பதுதான் வித்தியாசம். உருப்படியாக மிஞ்சியது வேறொன்று. கமிஷன் வருவதற்கு முன் பேருக்கு இருந்த மாநிலச் சுகாதார வாரியங்களுக்கு இப்போது ஆள் இருந்தது, மைக்ராஸ்கோப் இருந்தது, பள்ளிக்கூடத்துக்குள் நுழையும் பழக்கம் இருந்தது. கவுண்டிதோறும் முழுநேரச் சுகாதார அலுவலகம் வர வேண்டும் என்ற பேச்சுக்கு வலு வந்தது இதற்குப் பிறகுதான். ரோஸ் புழுவைக் காட்டித் துறையைக் கட்டினார் என்று சொன்னால் தப்பில்லை. புழு மட்டும்தான் தோற்கவில்லை.

1913-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உருவானதும் இந்த வித்தை கடல் கடந்தது. ரோஸ் பிரிட்டிஷ் காலனிகளுக்குக் கிளம்பினார். 1916-ல் இலங்கையில், மாத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை தொடங்கியது. வட கரோலினாவில் கொக்கிப்புழு வேலை பார்த்துப் பழகிய டாக்டர் டபிள்யூ. பி. ஜேகாக்ஸ் இலங்கைக்கும் வந்து சேர்ந்தார். இங்கே சோதிக்கப்பட்டவர்கள் நம் ஆட்கள். திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணி பின்னால் போய், மண்டபம் முகாமில் அடைந்து கிடந்து, கடல் தாண்டி, மலையேறி லயம் என்ற வரிசை வீடுகளில் குடியேறியவர்கள். பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது.

தோட்டத்தில் ஒரு வசதி உண்டு. கூட்டம் சேர்க்க நோட்டீஸ் வேண்டாம், தேவகீதம் வேண்டாம். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் எப்படியும் வரிசையில் நிற்பார்கள். முதல் உலகப் போர் வந்து தைமால் தட்டுப்பாடானதால் சீனோபோடியம் என்ற எண்ணெய் மருந்து முன்னால் வந்தது. மருந்துச் செலவைத் துரைமார் ஏற்றார்கள். சோகை தெளிந்த கூலி கூடுதலாகக் கொழுந்து பறிப்பான் என்பது அவர்களுக்கும் புரிந்த கணக்கு. லயத்துக்குக் கக்கூஸ் கட்ட வேண்டும் என்று ராக்ஃபெல்லர் டாக்டர்கள் சொன்னபோதுதான் பேச்சு தடுமாறியது. கட்டினாலும் கூலிகள் உபயோகிக்க மாட்டார்கள் என்றார்கள் துரைமார். மருந்து குடித்த பெண்கள் மறுநாள் வெறுங்காலோடு அதே ஈர மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனார்கள். சில மாதத்தில் புழு திரும்ப வந்தது.

ஜேகாக்ஸும் அவர் கூட்டாளிகளும் இதில் சலித்துப்போய், தோட்டத்தை விட்டு இறங்கிக் கடற்கரை ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். 1926-ல் களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவு திறக்கப்பட்டது. ஆசியாவிலேயே அந்த வகையில் முதலாவது. அங்கே ஆரம்பமே பள்ளிக்கூடத்துக் கக்கூஸிலிருந்து. அது அடுத்த இதழில்.